கூப்பிடாமல் ஓடத் தெரியாதவன்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மாடிப்படி எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவன் முதலில் பார்ப்பான். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் நாங்கள் எல்லோரும் யார் பக்கத்தில் உட்காரலாம் என்று நோட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது, அவன் வராந்தாவில் நின்று, மொட்டைமாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்று பியூனிடம் தடுமாறும் இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தான். பியூன் ஒரு வங்காளி. "க்யா, கப்டா சுகாயேகா?" என்று சிரித்தார். துணி காயப்போடவா என்று கேட்கிறார். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு மனு எழுதி வந்தான். மொட்டைமாடிக் கதவைப் பூட்டக் கூடாது, பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சாவியைக் கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவைக்க வேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போட இடம் விட்டு வகுப்பு முழுக்க நீட்டினான். மூன்று பேர் போட்டோம். அந்த மனு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. கதவு பூட்டியேதான் கிடந்தது.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவன் பெயரையும் அந்தமானையும் சேர்த்து இணையத்தில் தேடினால் இன்றைக்கும் முதலில் வருவது அந்த வீடியோதான். அதற்கு நானும் ஒரு வழி போட்டுக் கொடுக்க வேண்டாம்.

கட்சால்காரன். கட்சால் நிக்கோபார் பக்கத்துத் தீவு, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில்தான் போக வேண்டும். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களை அங்கே அரசாங்க ரப்பர் தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் குடியமர்த்தியிருந்தார்கள். அவன் அம்மாவும் அப்பாவும் அங்கே பால் வெட்டுகிறவர்கள். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எங்களுக்குள் "வாடா, போடி"தான். அவன் மட்டும் எல்லோரையும், தன் வயசுப் பையன்களைக்கூட, "வாங்க, போங்க" என்பான். அதற்கே ஒரு கூட்டம் அவனைப் போலப் பேசிக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்கும். அவனும் கூடச் சிரிப்பான். அப்போதெல்லாம் சிரிப்பான்.

முதல் வருஷம் வகுப்போடு சிடியா டாப்பு கடற்கரைக்குப் போனோம். எல்லோரும் மணலில் இறங்கிவிட்டோம். அவன் இறங்கவில்லை. மேலே ரோட்டோரத்தில் எல்லோருடைய பைகளையும் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றான். சும்மாவும் நிற்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, வருகைப்பதிவு எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டான். நல்ல குரல் அவனுக்கு. அலைச்சத்தத்தைத் தாண்டி வந்து காதில் விழும். நாங்கள் தண்ணீருக்குள் நின்றபடி "எஸ் சார்!", "ப்ரெசென்ட் சார்!" என்று கத்தினோம். யாராவது வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தால், சொல்லும்வரை அந்தப் பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவான்.

திரும்பி வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டேன். "ஏன் இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க? எல்லாரும் உன்னய வெச்சுக் கிண்டல் பண்றாங்க, தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க" என்றான். பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒரு தடவ கூப்புடாம ஓடிட்டேங்க" என்றான்.

சுனாமி வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கிவர அவனையும் தங்கச்சியையும் கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். தரை ஆடி நின்ற பிறகு எல்லோரும் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடல் பின்வாங்கியது. ஒரு நிக்கோபாரி ஆள் என்னவோ கத்திக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார். அவர் சொன்னது இவனுக்குப் புரியவில்லை. முகம் புரிந்தது. இவனும் ஓடினான்.

"தங்கச்சி கொழாயடியில கால் கழுவிக்கிட்டு நின்னுச்சி. அங்கதான் நிக்குதுன்னு எனக்குத் தெரியும். மறந்துட்டேன்னெல்லாம் சொல்ல முடியாதுங்க. வாய் இருந்திச்சி. கூப்புடல."

"நீ சின்னப் பையன்தானடா அப்ப."

"பேரு ரெண்டு எழுத்துதாங்க. சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம். ஏறியதும் பின்னால் திரும்பி எங்கள் வகுப்பில் எத்தனை பேர் ஏறியிருக்கிறோம் என்று எண்ணினான்.

இரண்டாம் வருஷம், மழைக்காலம். எங்கள் வகுப்பில் ஒரு காண்டிராக்டர் மகன் இருந்தான். அவன் அப்பா மெயின்லேண்ட் போய்வந்தபோது கேமரா நன்றாக இருக்கும் போன் ஒன்று வாங்கிவந்திருந்தார். அதை வைத்துக்கொண்டு எதையாவது படம் பிடிக்க வேண்டும் அவனுக்கு. ஒருநாள் ஆசிரியர் வராத பீரியடில் அவனும் இன்னும் சிலரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். நூல் கட்டி டியூப்லைட்டை ஆட்ட ஒருத்தன். இவன் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பின்னாலிருந்து காலால் உலுக்க நாலு பேர். "ஹில் ரஹா ஹை!", ஆடுகிறது, என்று கத்த ஒருத்தன்.

எனக்கு எதுவும் தெரியாது. இவனுக்கு அடுத்த வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். "ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க! தண்ணி வருது!" ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கத்திக்கொண்டே இவன் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். எனக்கும் உண்மையென்றுதான் தோன்றியது. மாடிப்படியில் என் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கதவை அடித்தான். "தொறங்க! புள்ளைங்க இருக்குங்க, தொறங்க!" என்று கதறினான். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். படி முழுக்க எங்கள் வகுப்புப் பிள்ளைகள், முன்னால் அந்த போன். அப்புறம்தான் அவன் பேண்ட் நனைந்திருப்பதைப் பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள்.

"அரே, பானி ஆ கயா!" என்றான் காண்டிராக்டர் மகன். தண்ணி வந்துவிட்டது என்று அர்த்தம். படியே அதிர்ந்தது சிரிப்பில்.

நானும் சிரித்தேன். என் கையை அவனிடமிருந்து உதறி விடுவித்துக்கொண்டு சிரித்தேன். வீடியோவில் அது தெளிவாகத் தெரியும்.

அன்று மாலைக்குள் கல்லூரி முழுக்க அது புளூடூத்தில் பரவிவிட்டது. இரண்டு நாளில் ஊருக்குள் போனது. அவன் கத்தியதை மட்டும் வெட்டி எடுத்து ரிங்டோன் செய்தார்கள். அபர்தீன் பஜாரில் நடந்து போனால், ஏதாவது கடைக்குள்ளிருந்து "ஏறுங்க! தண்ணி வருது!" என்று அவன் குரலில் போன் அடிக்கும். அவன் நம்பர் எப்படியோ எல்லோருக்கும் கிடைத்திருந்தது. புதுப்புது நம்பரிலிருந்து மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. "இன்னைக்குக் கடல் எப்படி?", "பேண்ட் காஞ்சிருச்சா?" என்று இந்தியிலும் தமிழிலும் கேட்டார்கள். கூப்பிட்டு, எடுத்ததும் தண்ணீர் ஊற்றும் சத்தம் போட்டுவிட்டு வைத்தார்கள்.

"தெரியாத நம்பர்னா எடுக்காத. அணைச்சுப் போடு" என்று விடுதியில் ஒரு பையன் அவனிடம் சொல்லியிருக்கிறான். அவனால் முடியாது. கட்சாலில் அவன் அம்மாவிடம் போன் கிடையாது. சிக்னல் கிடைக்கிற அன்று யார் போனையாவது இரவல் வாங்கித்தான் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர். அதனால் வருகிற ஒவ்வொரு அழைப்பையும் அவன் எடுத்தான். எடுத்து "அம்மாவா?" என்று கேட்பான். அதையும் பதிவு செய்து அனுப்பிக்கொண்டார்கள்.

வீடியோ என் அப்பா வேலை பார்த்த துறைமுக அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது. அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து அங்கே கிளார்க்காக இருந்தார். அவர் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எவன் அவன்? நடு காலேசுல வெச்சு எம்பொண்ணு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறான், நாலு பேரு சிரிக்கிறாய்ங்க. நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

"அப்படி இல்லப்பா..."

"பேசாத. நாளைக்கு நா வாறேன்."

பிரின்சிபால் அறையில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். ஒரே வாரத்தில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது. பிரின்சிபால் என்னைப் பார்த்து, "உன் விருப்பத்தோடதான் கூடப் போனியா? எதுக்காக இழுத்தான்?" என்று கேட்டார்.

எதுக்காக என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவின் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. என் படிப்பை நிறுத்திவிடப்போவதாக முந்தின நாள் சொல்லியிருந்தார்.

"எனக்குத் தெரியல சார். திடீர்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டான்" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. நான் ஏதோ தவறி விழுந்ததைப் பார்ப்பதுபோல பார்த்தான். "ஆமாங்க சார். கேக்காம புடிச்சிட்டேன். தப்புதாங்க" என்றான்.

அவனை இரண்டு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். படம் பிடித்தவர்களைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார்கள். அவர்களும் பிரின்சிபால் முன்னாலேயே அழித்தார்கள்.

திரும்பி வந்த பிறகு ஒருநாள் நூலகப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "ஊருக்குப் போனியே, அம்மா எப்படி இருக்காங்க?"

அவன் குரல் அதற்குள் முணுமுணுப்பாகிவிட்டிருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கப்பலில் போகும்போது, கீழ்த்தளத்தில் படுத்திருந்த யாரோ ஒருவரின் போன் இவன் குரலில் அடித்ததாம். அந்த ஆள் இவனுக்கு முன்பின் தெரியாதவர். இவன் எழுந்து மேல் டெக்குக்குப் போயிருக்கிறான். அங்கேயும் ஒரு கூட்டம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கப்பல்ல ஓடுறதுக்கு எடம் இல்லீங்களே. நாலு பக்கமும் தண்ணி."

நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"அம்மாவுக்கும் லயத்துப் பொடியனுங்க காட்டிட்டானுங்க. அதுக்கு வெளங்கல. 'தங்கச்சியத்தானப்பா கூப்புடுற?'ன்னு கேட்டுச்சி. இன்னொரு தடவ போடச் சொல்லிக் கேட்டுச்சி."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவன் மெஸ்ஸில் சாப்பிடுவதை விட்டான். தட்டோடு நடந்தால் பின்னால் "ஷ்ஷ்" என்று அலைச்சத்தம் வரும். விடுதி அறையில் பிஸ்கட் பாக்கெட்டை வைத்துக்கொண்டு நாளைக் கழித்தான். யாராவது இரண்டு பேர் போனைப் பார்த்துச் சிரித்தால், அவர்கள் வேறு எதற்காகவோ சிரித்தாலும், அங்கேயே நின்றுவிடுவான். அவர்கள் நகரும்வரை நகரமாட்டான். வகுப்பில் பெயர் வாசிக்கும்போது பதில் சொல்ல வாயைத் திறந்தாலே நாலு பக்கமிருந்தும் அந்த "ஷ்ஷ்" கிளம்பும். அதனால் பதில் சொல்வதையும் விட்டான். ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், பதிவேட்டில் ஆப்சென்ட் என்று இருக்கும். வருகை போதவில்லை, பரீட்சை எழுத முடியாது என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். அதற்கும் அவன் யாரையும் போய்க் கேட்கவில்லை. கேட்பதென்றால் பேச வேண்டும்.

இதெல்லாம் எங்கள் கண்முன்னால் நடந்தது. அவன் இளைத்தது, தலை சீவாமல் வந்தது, மதிய வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் பார்த்தோம். கெட்டவர்கள் என்று சொல்ல நாலைந்து பேர்தான் இருந்தோம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஓர் ஏப்ரல் மாத மதியம் நிஜமாகவே ஆடியது.

முதலில் மின்விசிறி ஆடியது. அப்புறம் தரை. நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. யாரோ அலறினார்கள். எல்லோரும் கதவை முட்டிக்கொண்டு ஓடினோம். கல்லூரிக்குப் பின்னால் மேடு இருக்கிறது, அங்கே போகச் சொல்லி வாத்தியார்கள் கத்தினார்கள். வாசலில் திரும்பிப் பார்த்தேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மேசையில் அவன் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. முதல் தடவையாக எடுக்கவில்லை.

உள்ளே ஓடினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "எந்திரி! இது நிஜம்டா, எந்திரி!"

"தெரியுதுங்க" என்றான். "நீங்க போங்க. நான் ஓடுனா சிரிப்பாங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். பெஞ்சின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. கையை விட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

மேட்டில் மூச்சிரைக்க நின்று, உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று வாத்தியாரிடம் சொன்னேன். பியூன் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அறை காலி என்றார். அவன் எங்கள் பின்னால் வரவில்லை. ஊரில் சைரன் ஒலித்தது. அப்பா ஸ்கூட்டரில் வந்து என்னை அங்கிருந்தே வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

தண்ணீர் வரவில்லை. சாயந்திரம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்.

"நேத்து ஊரே மேட்டுக்கு ஏறுது, எவனோ ஒரு பையன் கப்பல் ஏறுற ஜெட்டி மேடையில போயி காலத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தானாம். வாட்ச்மேன் ரெண்டு பேரு தூக்கிட்டு வந்திருக்காய்ங்க. பேரு கேட்டாக்கூடச் சொல்ல மாட்டேங்கிறானாம்."

"அவன்தாம்ப்பா" என்றேன்.

"எவன்?"

"நீங்க புகார் கொடுத்தீங்கள்ல, அவன். என்னயக் காப்பாத்தத்தாம்ப்பா இழுத்துட்டுப் போனான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தெரியாதுன்னு சொன்னேன்."

அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மனநலப் பிரிவில் குடும்பத்தாரைத் தவிர யாரையும் விடவில்லை. அம்மா கப்பல் பிடித்து வந்து சேர நாலு நாளாயிற்று. பல வாரம் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். கல்லூரிப் பக்கம் அவன் திரும்ப வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் யாரோ வீடியோவை இணையத்தில் ஏற்றினார்கள். பின்னணியில் கோமாளி இசை சேர்த்து, 'சுனாமி பாகல்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். பாகல் என்றால் பைத்தியம். இந்தத் தீவுகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாதவர்கள் கீழே சிரித்து எழுதியிருந்தார்கள்.

படிப்பு முடிந்து போர்ட் பிளேரிலேயே ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒருநாள் பக்கத்து சீட் பெண் போனை நீட்டி, "இதப் பாருங்களேன், சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது" என்றாள். பார்த்தேன். "கூட ஓடுற பொண்ணு நான்தான்" என்றேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கே போலீசுக்கு ஒரு புகார் எழுதினேன். வீடியோவில் இருப்பவள் நான். அந்தப் பையன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து இழுத்துப்போனான். அன்று நான் பிரின்சிபாலிடம் பொய் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலைந்து அலைந்து அந்த ஒன்றை எடுக்கவைத்தேன். அதற்குள் வேறு மூன்று இடத்தில் முளைத்திருந்தது.

புகாரின் நகலை எடுத்துக்கொண்டு சௌல்தாரி கிராமத்துக்குப் போனேன். அங்கே அவன் சித்திக்குக் கொஞ்சம் பாக்குத் தோட்டம் இருக்கிறது, அப்பாவைக் கட்சாலில் விட்டுவிட்டுத் தாயும் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் அம்மா வாசலுக்கு வந்தார். யார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அந்தப் படத்துல செருப்பு கழண்டு வுழும், அந்தப் புள்ளையா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"உக்காருங்க." அவரும் உட்கார்ந்தார். "அவென் யாரோடயும் பேசுறதில்லீங்க. பாக்கு பொறுக்குவான், தண்ணி பாய்ச்சுவான். ஆள் வந்தா உள்ள போயிடுவான். போனு மணி எங்கயாச்சும் அடிச்சா அன்னைக்கிச் சோறு எறங்காது."

நகலைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது. நானே படித்துக் காட்டினேன், உள்ளே கேட்கட்டும் என்று சத்தமாகவே.

"நீங்க படிச்சவுங்க. அத முழுசா அழிச்சுப்புட முடியாதா?"

"முடியலம்மா. ஒரு எடத்துல எடுத்தா இன்னொரு எடத்துல வந்துருது."

"அப்ப அவென் செத்ததுக்குப் பொறகும் அது இருக்குமா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். அன்றைக்குச் சொல்லவில்லை. "இருக்கும்மா" என்றேன்.

உள்ளே பாயில் யாரோ எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவன் கதவுவரை வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். புகாரைப் பற்றி ஏதாவது சொல்வான், திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கி... நீங்க மேட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?" என்று கேட்டான்.

"சேர்ந்துட்டேன்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

தலையை ஆட்டினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரை நானும் அவன் அம்மாவும் அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம்.